டிரெய்லரில் வரும் வீட்டுக்கு மண்ணில் போடும் கடைக்கால்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலியிலும் இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மாடுலர் வீட்டைப் புரியவைப்பது எளிது. கன்டெய்னர் தன் எடையைத் தரை முழுவதிலும் பரப்பி உட்காருவதில்லை. அதன் நான்கு மூலைகளிலும் உள்ள கெட்டியான இரும்புக் கட்டிகளே எடையைத் தாங்குகின்றன. யார்டில் நான்கு கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதும் மூலைமேல் மூலைதான் உட்காருகிறது. மாடுலர் வீடும் ஏறக்குறைய இப்படித்தான். சுவர், மின்கம்பி, தரை ஓடு, சில சமயம் குளியலறை வரை தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்டு, டிரெய்லரில் ஏறி வந்து, கிரேனால் தூக்கப்பட்டு, முன்பே குறித்து வைத்த சில புள்ளிகளின்மேல் உட்காருகிறது. அந்தப் புள்ளிகளுக்குக் கீழே மண்ணுக்குள் இருக்கும் காங்கிரீட் பாதங்களைத்தான் ஃபூட்டிங் என்கிறோம்.

செங்கல் வீட்டில் கடைக்கால் சற்று ஏறுமாறாக அமைந்தாலும் கொத்தனார் அடுத்தடுத்த வரிகளில் அதைச் சரிசெய்துகொண்டே போவார். மிச்சமிருக்கும் பிழையைப் பூச்சு மறைத்துவிடும். தொழிற்சாலையில் மில்லிமீட்டர் கணக்கில் செய்துவந்த வீட்டில் அதற்கு வழியில்லை. மேலும், அந்த வீட்டில் நம் மனையிலேயே செய்யப்படும் பெரிய வேலை ஃபூட்டிங் ஒன்றுதான். நம் ஊர் மண்ணையும், நிலத்தடி நீரையும், உப்பையும் நேருக்கு நேர் சந்திக்கப் போவதும் அதுவே. ஆனால் சமையலறை ஓட்டின் நிறத்தை நான்கு நாள் அலசும் குடும்பங்கள், ஃபூட்டிங் பற்றி டிரெய்லர் வரும் தேதி நெருங்கிய பிறகே விசாரிக்கின்றன என்பதுதான் நான் பார்த்தவரை நடைமுறை.

முதலில் சில சொற்களைத் தெரிந்துகொள்வோம். கடைக்காலுக்காகத் தோண்டும் குழியைக் கட்டுமானத் தொழிலில் ‘வானம்’ என்பார்கள். தலைக்குமேல் இருப்பதன் பெயர் காலுக்குக் கீழே எப்படி வந்தது என்று புதிதாகக் கேட்பவர்கள் வியப்பார்கள். வானத்தின் அடியில் கம்பியில்லாமல் மெல்லியதாகப் போடும் காங்கிரீட் தளம் பி.சி.சி. அதன்மேல் கம்பி ஜாலி வைத்துப் போடும் அகலமான பாதம் ஃபூட்டிங். பாதத்திலிருந்து தரைமட்டத்துக்கு மேல் எழும் குட்டைத் தூண் பெடஸ்டல். பெடஸ்டலின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத்தண்டுகள் ஆங்கர் போல்ட். வீட்டின் இரும்புச் சட்டத்தில் உள்ள பேஸ் பிளேட் இவற்றில் நுழைந்து, நட்டால் முடுக்கப்படுகிறது.

வடசென்னை முழுவதும் ஒரே மண் அல்ல. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எனக் கடலை ஒட்டிய பகுதியில் மணல் அதிகம். மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர், மாதவரம் பக்கம் போகப்போகக் களிமண் வந்துவிடும். பக்கிங்காம் கால்வாயையும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தையும் ஒட்டிய இடங்களில் கால் புதையும் சேற்றுக் களிமண் உண்டு. பழைய குட்டைகளைக் கட்டட இடிபாடுகளாலும் குப்பையாலும் நிரப்பி மனையாக்கிய இடங்களும் ஏராளம். மணல் நன்றாக எடை தாங்கும். ஆனால் தோண்டும்போது சரியும். களிமண் குழியின் சுவர் நிமிர்ந்து நிற்கும். ஆனால் மழையில் ஊதி, கோடையில் சுருங்கி, மேலே இருப்பதை ஏற்றி இறக்கும். கொட்டி நிரப்பிய மண்ணை எந்தக் கணக்கிலும் நம்ப முடியாது. ஆகவே மண் பரிசோதனை இல்லாமல் ஃபூட்டிங் அளவைச் சொல்லும் எவரையும் சற்று சந்தேகத்துடன் பார்ப்பதே நல்லது. ஊதிச் சுருங்கும் களிமண் ஆழமாக இருந்தால், தனி ஃபூட்டிங்கை விட்டுவிட்டு, அடியில் குடமிளகாய்போல் பருத்த அண்டர்ரீம்டு பைல் போட வேண்டியிருக்கும். சேறும் நிரப்புமண்ணும் கலந்த இடத்தில் மனை முழுவதற்கும் ஒரே பலகையாக ராஃப்ட் போடச் சொல்லலாம். இங்கே நாம் பார்க்கப் போவது சாதாரணமான தனி ஃபூட்டிங் மட்டுமே.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். 12 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் உள்ள ஒற்றைத்தள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சட்டம், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்தால், 43.2 சதுர மீட்டருக்கு வீட்டின் சொந்த எடை ஏறக்குறைய 10.8 டன். குடியிருப்புக்கு மனிதர்களும் சாமான்களுமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சேர்க்க வேண்டும். அது சுமார் 8.6 டன். மொத்தம் 19.4 டன். நீளப்பக்கம் ஒவ்வொன்றிலும் 3 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து ஃபூட்டிங் என்றால் மொத்தம் பத்து. மூலையில் உள்ளவை பாதிப் பங்கையே ஏற்பதால், நடுவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2.4 டன் வருகிறது. 90 செ.மீ. சதுரமான பாதத்தின் பரப்பு 0.81 சதுர மீட்டர். வீட்டினால் மண்ணுக்கு வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 3 டன் மட்டுமே. சற்றே கெட்டியான எந்த மண்ணும் இதைத் தாங்கிவிடும்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். உண்மையில் கவலை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. இந்த வீட்டின் சிக்கல் கனம் அல்ல, லேசு. சென்னைக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தின் வர்க்கத்தை (50 × 50) 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ அழுத்தம் கிடைக்கும். 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள பக்கச் சுவரின்மேல் இது 5.4 டன் தள்ளுவிசை. அதே நேரத்தில் கூரைமேல் ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். அது 6 டன் வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். பெடஸ்டல்கள் வீட்டைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயர்த்தியிருந்தால், தள்ளுவிசை தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் வேலை செய்கிறது. வீட்டைக் கவிழ்க்க முயலும் திருப்பம் ஏறக்குறைய 13 டன்-மீட்டர். ஆளில்லாத வீட்டின் எடையில் கூரை உறிஞ்சுவதைக் கழித்தால் மிஞ்சுவது 4.8 டன், அது பாதி அகலமான 1.8 மீட்டர் தூரத்தில் நின்று கொடுக்கும் எதிர்ப்பு 8.6 டன்-மீட்டர் மட்டுமே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிரப்ப வேண்டியவை காற்று வரும் பக்கத்தில் உள்ள ஐந்து ஃபூட்டிங்குகளும் அவற்றின் போல்ட்டுகளும்தான். நிலத்தின் தன்மை, கட்டடத்தின் வடிவம் ஆகியவற்றுக்கான காரணிகளைச் சேர்த்துப் பொறியாளர் போடும் கணக்கில் இந்த எண்கள் மாறும். ஆனால் போல்ட் போடாமல் காங்கிரீட் கட்டைகளின்மேல் வெறுமனே வீட்டை உட்காரவைக்கலாம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே பதில்.

வெள்ளமும் இதில் சேர்கிறது. காங்கிரீட்டின் எடை கனமீட்டருக்கு 2.5 டன், நீரில் மூழ்கினால் அதில் ஒரு டன் குறைந்துவிடும். ஃபூட்டிங்கின்மேல் கிடந்து அதை அழுத்திப் பிடிக்கும் மண்ணும் நீரில் ஊறினால் அப்படியே இளைக்கும். புயலும் வெள்ளமும் நம் ஊரில் சேர்ந்தேதான் வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதற்குத் தெருச் சாலையை மட்டும் பார்க்காமல், அந்த மழையில் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் விட்டுச்சென்ற கறையையும் பார்க்க வேண்டும்.

மாடுலர் வீடாக இருந்தாலும் கட்டட அனுமதி வேண்டும் என்பதையும், கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கிடும் என்பதையும் சொல்லிவிட்டு வேலைக்கு வருவோம்.

மனையில் முதலில் செய்வது புள்ளிகளைக் குறிப்பது. கயிறு கட்டி, 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணத்தால் மூலையைச் செங்கோணமாக்கும் பழைய முறையே இங்கும் போதும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. 12 மீட்டருக்கு 3.6 மீட்டர் செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 12.528 மீட்டர் வர வேண்டும். நாடாவை இழுத்துப் பிடித்து இரண்டையும் அளந்து, இரண்டும் ஒத்துப்போன பிறகே சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். கோட்டின்மேல் வெட்டினால் கோடு போய்விடும் என்பதால், குழிகளுக்கு வெளியே இரண்டு முழம் தள்ளி முளை அடித்து அடையாளத்தைக் காப்பாற்றி வைப்பது மேஸ்திரிகளின் வழக்கம்.

வானம் தோண்டும் ஆழத்தை மண் பரிசோதனையே தீர்மானிக்கும். விதிப்படி அரை மீட்டருக்குக் குறையக் கூடாது; நம் உதாரணத்துக்கு 1.2 மீட்டர் என்று கொள்வோம். கடலோர மணலில் இந்த ஆழத்துக்கு முன்பே தண்ணீர் ஊறத் தொடங்கலாம். மோட்டாரைக் குழிக்குள்ளேயே போட்டு இறைத்தால் தண்ணீரோடு மணலும் வெளியேறி, குழியின் அடி இளகிவிடும். பக்கத்தில் சற்று ஆழமாக ஒரு சிறு கிணறு தோண்டி, துளையிட்ட டிரம்மை அதில் இறக்கி, அங்கிருந்து இறைப்பதே சரி. தவறுதலாக ஆழம் கூடிவிட்டால் தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டுத் தட்டிவிடுவது பொதுவான பழக்கம், அது தவறு. அந்த இடத்தைப் பி.சி.சி. காங்கிரீட்டால் நிரப்ப வேண்டும்.

பூமி பூஜைக்கு ஈசானிய மூலையில் பஞ்சலோகத் தகடும் நவதானியமும் போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தகட்டைக் கம்பி ஜாலியில் கட்டித் தொங்கவிட வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள். உப்பு ஈரத்தில் செம்பும் இரும்பும் ஒட்டியிருந்தால் ஒரு சிறு பேட்டரிபோல் வேலை செய்து இரும்பைத் தின்றுவிடும். பி.சி.சி.க்கு அடியில் மண்ணில் புதைத்தால் சாமியும் திருப்தி அடைவார், கம்பியும் பிழைக்கும்.

பி.சி.சி. 10 செ.மீ. கனத்தில் போட்டு இறுகிய பிறகு, அதன்மேல் கம்பி ஜாலி வருகிறது. இங்கேதான் வடசென்னையின் உப்பு நினைவுக்கு வர வேண்டும். நல்ல காங்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, துருவைத் தடுக்கிறது. குளோரைடு உப்பு கம்பி வரை ஊடுருவினால் அந்தப் படலம் கிழிந்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். திருவொற்றியூர்க் கரையோரத்தில் பால்கனிகளின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. ஆகையால் உப்பு கம்பியை அடைய வேண்டிய தூரத்தை நீட்டுவதும், அந்த வழியை அடர்த்தியாக்குவதும்தான் நம் கையில் உள்ளவை.

தூரம் என்பது கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டின் கனம். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 ஃபூட்டிங்குக்குக் குறைந்தது 50 மி.மீ. கேட்கிறது. 50 மி.மீ. காங்கிரீட் கவர் பிளாக்குகளை ஜாலிக்கு அடியில் மீட்டருக்கு ஒன்றாகவாவது வைக்க வேண்டும். ஜாலியைத் தரையில் கிடத்திவிட்டு, காங்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறேன் என்று சொல்பவரை அனுமதிக்கக் கூடாது. கருங்கல் ஜல்லியைக் கவர் பிளாக்காக வைப்பதும் வேண்டாம். அடர்த்தி என்பது காங்கிரீட்டின் தரம். கடலோரச் சூழலுக்கு அதே விதி எம்30 தரத்தையும் (இந்த எண் கூடக்கூட வலிமையும் கூடும்), சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மிகாத தண்ணீரையும் கேட்கிறது. நிலத்தடி நீரே கடுமையாக இருந்தால் எம்35. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற பழைய கணக்கு எம்20 வரைக்கும்தான் செல்லும். எம்30-க்கு ஆய்வகத்தில் கலவை விகிதம் வாங்கி, எடைபோட்டே கலக்க வேண்டும். சிமெண்டைப் பொறுத்தவரை, இரும்பு உலைக் கசடு கலந்த கசடு சிமெண்ட் உப்பை நன்றாகத் தடுக்கும். சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட் என்ற பெயரைக் கேட்டுப் பலர் அதைத் தேடி ஓடுகிறார்கள். குளோரைடும் சேர்ந்துள்ள மண்ணில் அது உகந்ததல்ல.

தண்ணீர்க் கணக்கை வாளியால் சொல்கிறேன். 50 கிலோ மூட்டைக்கு 0.45 பங்கு என்றால் 22.5 லிட்டர். அதாவது வேலைத்தலத்தில் கிடக்கும் 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, அதன்மேல் ஒரு பெரிய சொம்பு. எம்-சாண்ட் ஈரமாக வந்திருந்தால் அதில் உள்ள தண்ணீரும் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், மழைக்கு மறுநாள் வாளிகூட நிறையாது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று கலவை இயந்திரமான மில்லரை இயக்குபவர் இன்னொரு வாளியைக் கவிழ்க்கும் அந்த ஒரு நொடியில் எம்30 காணாமல் போய்விடும். இளக்கம் வேண்டுமானால் அதற்கென உள்ள பிளாஸ்டிசைசர் திரவத்தை அளந்து சேர்க்கலாம். போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமல் கலவையில் விடக் கூடாது. கம்பியுள்ள காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. நம் பக்கத்து போர்வெல்கள் பலவற்றின் நீரை நாக்கில் வைத்தாலே உப்புக் கரிக்கும். லாரி தண்ணீர் வாங்கிவிடுவதே நிம்மதி.

நம் பத்துப் பாதங்களுக்கு, 30 செ.மீ. கனத்தில், வெறும் 2.43 கனமீட்டர் காங்கிரீட்தான் வேண்டும். ஏறக்குறைய இருபது மூட்டை சிமெண்ட். ரெடிமிக்ஸ் லாரி ஒன்று வழக்கமாக 6 கனமீட்டர் கொள்ளும் என்பதால் இவ்வளவு குறைவான அளவுக்கு வர யோசிப்பார்கள். அப்படி வந்தால், லாரியில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். மூலக்கொத்தளத்திலோ மணலியிலோ நெரிசலில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காங்கிரீட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழவிட்டால் ஜல்லி தனியாகவும் சிமெண்ட் பால் தனியாகவும் பிரிந்துவிடும். வைப்ரேட்டர் ஊசியை நேராக இறக்கி, குமிழி வருவது நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் விடிகாலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுவது இன்னும் நல்லது.

பாதம் இறுகிய பின் பெடஸ்டலுக்குப் பெட்டி அடித்துக் காங்கிரீட் போடும்போதுதான் மில்லிமீட்டர் சோதனை தொடங்குகிறது. ஆங்கர் போல்ட்டுகளைக் கையால் நட்டு, கண்ணால் நேர் பார்ப்பது உதவாது. பேஸ் பிளேட்டில் உள்ள துளைகளைப் போலவே துளையிட்ட ஒரு பிளைவுட் பலகையைப் பெட்டியின் தலையில் ஆணியடித்து, அதன் வழியாகப் போல்ட்டுகளைத் தொங்கவிட்டு, மேலும் கீழும் நட்டு போட்டு இறுக்க வேண்டும். மரைக்குக் கிரீஸ் தடவி டேப் சுற்றுவது இரண்டு நிமிட வேலை. சுற்றாவிட்டால் காய்ந்த சிமெண்ட்டைச் சுரண்ட இரண்டு மணி நேரம்.

மாதவரத்தில் நான் மேற்பார்வையிட்ட ஒரு வேலையில் ஒன்பது பெடஸ்டல்கள் ஒரே மட்டத்திலும், பத்தாவது 12 மி.மீ. தாழ்ந்தும் நின்றன. மட்டம் பார்த்தது நானேதான். பிறகு மட்டக்குழாயை, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, நிமிர்த்திப் பிடிக்கும் பகுதியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்த குழாயின் வாயை அடைத்து நிற்கும் குமிழியின் நீளம் எவ்வளவோ, அவ்வளவே பிழையும் வரும். இரும்புத் தகடு வைத்து, கிரவுட் எனப்படும் சுருங்காத சிமெண்ட் குழம்பை ஊற்றிச் சமாளித்தோம். பிழை அதிகமாக இருந்திருந்தால் பெடஸ்டலின் தலையையே உடைத்திருக்க வேண்டும். அதன் பிறகு, குழாயில் தண்ணீர் நிரப்பியதும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

நீராற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. கசடு சிமெண்ட் மெல்ல வலுப்பெறும் என்பதால் 14 நாள் ஈரம் வேண்டும். பாதத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். பெடஸ்டலுக்கு ஈரச்சாக்கைச் சுற்றி, அது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கும் போர்வெல் உப்புநீர் ஆகாது. காங்கிரீட் போட்ட அன்றே 15 செ.மீ. கனசதுரக் கட்டிகளை எடுத்துவைத்து 28-ஆம் நாள் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்த முடிவு கைக்கு வந்த பிறகே வீட்டுக்குத் தேதி சொல்வது முறை.

குழியைச் சுற்றி மண்ணை மூடுவதும் ஃபூட்டிங் வேலைதான். முன்பு பார்த்த கணக்கில் வீட்டைக் கீழே பிடித்து வைப்பதில் அந்த மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரேயடியாகக் கொட்டாமல், ஒரு சாண் கனத்துக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். இதை முடிக்காமல் கிரேனை உள்ளே விடக் கூடாது. மூடாத குழியின் ஓரத்தில் கிரேன் கால் ஊன்றினால் மண் சரியும்.

வீடு உட்கார்ந்து, நட்டுகள் முடுக்கப்பட்டு, பேஸ் பிளேட்டுக்கும் பெடஸ்டலுக்கும் இடையிலுள்ள சந்தில் கிரவுட் நிரம்பிய அன்றே, பத்துப் பெடஸ்டல்களிலும் ஒரே மட்டத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, மட்டக்குழாயை எடுத்து அந்தக் கோடுகளை மறுபடியும் பார்க்க வேண்டும்; எந்தக் கோடாவது இறங்கியிருந்தால் அந்த மூலையில் நட்டைத் தளர்த்தி, தகடு சேர்த்து, திரும்ப முடுக்க வேண்டும்.